உம்மாவின் கழா நோன்பு

ஏறாவூர்
10.01.2025

தம்பி றிப்ஷானுக்கு, ராத்தாவின் ஸலாம்.

இருமல் நின்றதா? நின்றிருந்தால் ஒரு வரி எழுது. நிற்கவில்லை என்றால் இரண்டு வரி.

இங்கே மழை விடவில்லை. வாவி எங்கள் முற்றத்துக்கு இரண்டு வீடு தள்ளி நிற்கிறது. உம்மா அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் உங்கள் மத்ரசா அலுவலகப் போனில் உனக்கு மூன்று நிமிடம். பின்னால் இருபது மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள். இந்தப் பக்கம் ஒற்றை அறை வீடு. நான் என்ன பேசினாலும் உம்மாவுக்குக் கேட்கும். ஆகவே கடிதம்.

உம்மாவுக்குச் சுகம். கடைக்கு இடியப்பம் அவிப்பதை இந்த மாதம் நிறுத்தியிருக்கிறார். கை உளைவு. அவித்த மாவின் வாசம் பிடிக்கவில்லையாம். போன வாரம் இர்ஷாத் வீட்டார் வந்தார்கள். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு எங்கள் கலியாணத்தை வைப்போம் என்றார்கள். நான் குசினிக்குள் நின்று ஒரு கோப்பையை உடைத்தேன்.

உன்னிடம் ஒரு கேள்வி. என் சினேகிதி ஒருத்தியின் உம்மாவுக்குப் புற்றுநோய். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். நோன்பு பிடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். விடுகிற நோன்புக்கு என்ன செய்வது என்று அவள் கேட்கிறாள். நீ ஓதுகிற கிதாபில் இருக்கும். பார்த்து எழுது.

படிக்கிற நேரத்தில் வீட்டை நினைக்க வேண்டாமாம். உம்மா சொன்னது.

உன் ராத்தா,
இன்ஷிரா


அக்குறணை
24.01.2025

அன்புள்ள ராத்தாவுக்கு, உங்கள் மீதும் உம்மா மீதும் ஸலாம் உண்டாகட்டும்.

இருமல் நின்றது.

(ஒரு வரி.)

சட்டையின் கை நீளம். நான் இன்னும் வளர்வேன் என்று உம்மா நினைக்கிறார். விடுதிப் பருப்பில் பருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மற்றப்படி குறையில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். குணமாகும் நம்பிக்கை உள்ள நோயாளி நோன்பை விடலாம். குணமான பிறகு விட்ட நாட்களை எண்ணிப் பிடிக்க வேண்டும். அதற்குப் பெயர் கழா. குணமாகும் நம்பிக்கை இல்லை என்று நல்ல டொக்டர் சொல்லிவிட்டால், பிறகு பிடிக்கத் தேவையில்லை. ஒரு நோன்புக்கு ஓர் ஏழையின் உணவு என்று அரிசி கொடுக்க வேண்டும். அது பித்யா. எங்கள் கிதாபில் வலது பக்கம் கழா, எதிர்ப் பக்கம் பித்யா. உண்மையிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள்.

உங்கள் சினேகிதியின் உம்மா எந்தப் பக்கம்?

ஒரு சந்தோஷம். இந்த றமழானில் வெலிமடைப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசலுக்கு என்னை அனுப்புகிறார்கள். இரவில் தறாவீஹ் தொழுகை நான் நடத்த வேண்டும். குர்ஆன் முழுவதையும் முப்பது இரவில். பத்தொன்பது வயதில் அனுப்புவது குறைவு என்று எங்கள் ஆசிரியர் ஹஸரத் சொன்னார். உம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அழுவார்.

போன வெள்ளி போனில் உம்மாவுக்கு ஏன் மூச்சு வாங்கியது? ஓடி வந்தாரா?

இர்ஷாத் மச்சானுக்கு என் ஸலாம்.

தம்பி,
றிப்ஷான்


ஏறாவூர்
07.02.2025

தம்பிக்கு, ஸலாம். சட்டையின் கையை மடித்துப் போடு.

ஓம், உம்மா ஓடித்தான் வந்தார்.

வெலிமடை விஷயத்தை மெதுவாகத்தான் சொன்னேன். அழவில்லை. கை கழுவிவிட்டுப் போய் இரண்டு றக்அத் தொழுதார். கதிரையில் இருந்தபடி தொழுதார். பிறகு தெரு முழுவதற்கும் சொல்லி முடிக்க அஸர் ஆகிவிட்டது. மீன் கொண்டுவந்தவரிடமும் சொன்னார். அவர் ஒரு ஓரா மீனைக் கூடப் போட்டுவிட்டுப் போனார்.

உன் பதிலைச் சினேகிதியிடம் கொடுத்தேன். அதில் ஒரு சிக்கல். அந்த டொக்டர் நம்பிக்கை என்ற சொல்லைப் பாவிப்பதில்லை. எண் சொல்கிறார். ஐந்து வருடம் தாண்டுவது நூற்றுக்கு நாற்பது பேர் என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னார்.

நூற்றுக்கு நாற்பது உன் கிதாபில் எந்தப் பக்கம்?

சினேகிதி அறுபதைத்தான் பார்க்கிறாள். கம்பசில் புள்ளிவிபரவியல் படித்தவள். எண்ணைக் கண்டால் அதன் மிச்சத்தைப் பார்க்கிற பழக்கம்.

குளிரில் கவனம்.

இன்ஷிரா


அக்குறணை
19.02.2025

அன்புள்ள ராத்தா, ஸலாம். நான் சுகம். கையை மடித்துத்தான் போடுகிறேன்.

நாற்பது பற்றி ஹஸரத்திடம் கேட்டேன். பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகு. யாருடைய உம்மா என்று கேட்டார். ராத்தாவின் சினேகிதியின் உம்மா என்றேன். கிதாபை மூடிவிட்டுச் சொன்னார்.

"நூத்துல ஒண்டு எண்டாலும் கழாதான். நம்பிக்கை இல்ல எண்டு வாயால சொன்னாத்தான் மற்றப் பக்கம். சொன்னாரா?"

சொல்லவில்லை என்றேன். அப்படியானால் கழா என்றார். நான் எழும்பும்போது, ராத்தாவுக்கு எழுதுகிற நேரம் வீட்டில் எல்லாருக்கும் சுகமா என்றும் கேள் என்றார்.

கேட்கிறேன். வீட்டில் எல்லாருக்கும் சுகமா?

உம்மா ஏன் இருந்தபடி தொழுதார்?

இர்ஷாத் மச்சான் வீட்டார் திகதி குறித்துவிட்டார்களா?

அடுத்த கடிதத்தை வெலிமடைப் பள்ளி விலாசத்துக்குப் போடுங்கள். கீழே எழுதியிருக்கிறேன்.

றிப்ஷான்


ஏறாவூர்
13.03.2025
நோன்பு பன்னிரண்டு

தம்பிக்கு, ஸலாம். உன் நோன்புகளும் தொழுகைகளும் ஏற்றுக்கொள்ளப்படட்டும். தொண்டைக்கு இஞ்சி போட்டுக் குடி.

எல்லாருக்கும் சுகம். இருந்தபடி தொழுதது முழங்கால் உளைவால்.

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு என்னை எழுப்புவது உம்மாதான். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் இருக்கிறார். பள்ளிக் கஞ்சிக்குச் சட்டியோடு பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டால் படுக்கையிலிருந்து எழும்பி வாசலுக்கு வருகிறார். பகலில் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். உள்ளே தண்ணீர்க் கோப்பை வைக்கிற சத்தம் கேட்கும். மெதுவாக, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதைப் போல.

பின்னேரங்களில் வாவிக்கரைக்கு நடக்கிறேன். அங்கே ஆசியா உம்மா என்று ஒருவர், தனியாக இருக்கிறார். கணவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு நாளும் வீட்டு அளவுக் கொத்தால் ஒரு கொத்து அரிசி அளந்து கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போய் வந்தால் கொஞ்சம் ஆறுதல்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். தொழுது முடித்துக் கை ஏந்தினால் எனக்குச் சொல் வருவதில்லை. கை மட்டும் இருக்கிறது. நீ கேட்கும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்.

இன்ஷிரா


வெலிமடை, பள்ளி அறை
23.03.2025

அன்புள்ள ராத்தா, ஸலாம். தொண்டைக்கு ஒன்றுமில்லை. இங்குள்ளவர்கள் இஞ்சியும் மிளகும் கொண்டுவந்து குவிக்கிறார்கள். நல்ல மனிதர்கள். என்னைச் 'சின்ன ஹஸரத்' என்று கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

இரண்டாவது இரவு நான் பிழைவிட்டேன். நோன்பு கடமையானதைச் சொல்லும் வசனம் அந்த இரவில் வரும். பதினொரு வயதிலிருந்து எனக்கு மனப்பாடம். நோயாளியைப் பற்றி வருகிற இடத்தில் நின்றுவிட்டேன். அடுத்த சொல் இல்லை. பின்னாலிருந்து ஒரு வயதானவர் எடுத்துக் கொடுத்தார். பிறகும் ஒருமுறை எடுத்துக் கொடுத்தார்.

ஆசியா உம்மாவுக்கு எத்தனையாம் நோன்பிலிருந்து அரிசி கொடுக்கிறீர்கள்? முதல் நோன்பிலிருந்தா?

பதில் எழுத வேண்டாம். பெருநாளுக்கு வருகிறேன்.

றிப்ஷான்


அக்குறணை
17.04.2025

அன்புள்ள ராத்தா, ஸலாம். சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டித் தந்த வட்டிலப்பம் பஸ்ஸில் பாதி, அறையில் பாதி.

ஆறு நாள் வீட்டில் இருந்தேன். மூன்று பேரும் ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டோம். உம்மா இறைச்சியை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

நீங்கள் வரைந்த புருவம் நன்றாக இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் நீளம்.

உங்கள் சினேகிதியின் உம்மாவுக்கு இன்னும் எத்தனை முறை மருந்து இருக்கிறது?

இர்ஷாத் மச்சானைப் பெருநாளில் காணவில்லை.

றிப்ஷான்


ஏறாவூர்
04.05.2025

தம்பிக்கு, ஸலாம்.

சினேகிதி இல்லை.

போன நவம்பரில் குளிக்கும்போது உம்மாவின் கையில் பட்டிருக்கிறது. என்னிடம் சொன்னது டிசம்பரில். இடத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீ பால் குடித்த இடம். இடது பக்கம்.

இன்னும் ஒரு முறை மருந்து. ஜூலையில் ஒப்பரேசன்.

உனக்குத் தெரியக்கூடாது என்றது உம்மா. "ஓதுற புள்ளட தலைக்குள்ள இதப் போடாத" என்றார். உன் பெருநாள் வருகைக்கு மூன்று நாள் முன்பிருந்தே கண்ணாடியின் முன்னால் உட்காரவைத்து என்னைக் கொண்டு புருவம் வரைந்து பார்த்தார். நீ கண்டுபிடிக்கவில்லை என்று இன்னும் நம்புகிறார். நம்பட்டும்.

வருத்தத்தின் பெயர் புற்றுநோய் என்று உம்மாவுக்குத் தெரியும். நாற்பது தெரியாது. அதை நான் சொல்லவில்லை.

இனி அரிசி.

நீ கழா என்று எழுதிய கடிதம் என் கையில்தான் இருந்தது. ஆனாலும் முதல் நோன்பன்று அரிசி அளந்தேன். அறுபது என் தலையில் இருந்தது. நோன்பு விட்டபடியே உம்மா போய்விட்டால் என்ற பயம். துஆக் கேட்கச் சொல் வரவில்லை, அரிசி அளக்கக் கை வந்தது. இதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை. எல்லா நோன்புக்கும் கொடுத்தேன். இருபத்தொன்பது கொத்து. பித்யா என்று சொல்லித்தான் கொடுத்தேன். சொல்லாமல் கொடுத்தால் சேராது என்று நினைத்தேன்.

நீ பஸ் ஏறிய மறுநாள் ஆசியா உம்மா தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்கட பித்யா அரிசியாலதான் கா என்ர நோன்பெல்லாம் திறந்திச்சு. அல்லாஹ் உங்கட மௌத்த லேசாக்கி வைக்கட்டும்."

நல்ல மனதோடு சொன்னது. உம்மா ஆமீன் சொன்னார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். வாசல் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

"பித்யா, எழும்ப மாட்டாங்க எண்டு கைவிட்டவங்களுக்குக் குடுக்கிறது, மகள். நான் இன்னும் இரிக்கன்."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், பள்ளியில் தந்த நோன்புக் கலண்டரைக் குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்தார். இருபத்தொன்பது கட்டம். கட்டிலின் தலைமாட்டில் ஆணியடித்துக் கொழுவச் சொன்னார். கொழுவினேன். அதற்குக் கீழேதான் இப்போது தூங்குகிறார்.

கொடுத்த அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. அது வெந்து, தின்று, முடிந்துவிட்டது. நான் என்ன செய்திருக்கிறேன் என்று நீ சொல். கிதாபில் பார்த்துச் சொல்.

இன்ஷிரா


ஏறாவூர்
15.06.2025

தம்பிக்கு, ஸலாம். சுகமா?

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. ஐந்து வெள்ளி நீ போன் வரிசையில் நிற்கவில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

உம்மா தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் கடிதங்கள் எனக்குத்தான் வரும் என்று தெரியும். என்றாலும் பார்க்கிறார்.

ஒப்பரேசன் ஜூலை மூன்று.

கோபம் என்றால் கோபம் என்று எழுது. ஒரு வரி போதும்.

இன்ஷிரா


அக்குறணை
22.06.2025

அன்புள்ள ராத்தாவுக்கு, உங்கள் தம்பியின் ஸலாம்.

கோபம் இல்லை. வெட்கம்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நான் ஒரு முடிவு எடுத்தேன். உம்மாவின் இருபத்தொன்பதையும் நானே பிடித்துவிடுவது என்று. திங்கள், வியாழன். உம்மாவுக்காக என்று நிய்யத் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. போனில் உம்மா நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார், பொய் சொல்ல வரும், அதனால் வரிசைக்கும் போகவில்லை. ஒன்பது நாள் பிடித்தேன். பத்தாவது நாள் பாடத்தில் தலை சுற்றி விழுந்தேன். ஹஸரத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லாவற்றையும் சொன்னேன். சினேகிதி, நாற்பது, அரிசி, எல்லாம்.

அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை.

"உசிரோட இருக்கிறவங்கட நோன்ப வேற ஆள் பிடிக்க ஏலா மகன். மௌத்தானவங்களுக்காகத்தான் பிடிக்கலாம். இத நீ போன வருசமே ஓதிட்டாய்."

பிறகு கேட்டார்: "உம்மாவ ஏன் இப்பவே மண்ணுல அடக்கினாய்?"

ராத்தா, நீங்கள் அரிசி அளந்தீர்கள். நான் பட்டினி கிடந்தேன். இருவரும் ஒரே பிழை. உங்களுக்காவது தெரியாது என்று சொல்லலாம். நான் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவன்.

கிதாபில் பார்த்துச் சொல் என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். இரண்டு பக்கம் என்று நான் எழுதியது முழுச் சரியில்லை. தாளைப் புரட்டினால் இன்னொன்று இருக்கிறது. கழாவைச் சோம்பலால் பிந்தவிட்டு, அதற்குள் அடுத்த றமழானும் வந்துவிட்டால், அந்த ஆள் நோன்பையும் பிடிக்க வேண்டும், நாளுக்கு ஒரு பங்கு அரிசியும் கொடுக்க வேண்டும். இரண்டும். அந்தச் சட்டம் அடுத்த றமழானைக் கண்டவர்களுக்கு மட்டும்.

நோயால் பிந்தியவருக்கு அந்த அரிசி கடமை இல்லை. ஹஸரத் அதையும் சொல்லிவிட்டார். நானும் மறைக்காமல் எழுதுகிறேன். என்றாலும் உம்மாவிடம் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஜூலை இரண்டு காலை பஸ்ஸில் வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு நேரே வருவேன். வந்து ஒன்றும் பேச மாட்டேன். எங்கள் வீட்டில் அது யாருக்கும் வருவதில்லை. சஹனில் என் பக்கம் வருகிற இறைச்சியைத் திருப்பித் தள்ளுவேன். அதை உம்மா விளங்கிக்கொள்வார்.

றிப்ஷான்


ஏறாவூர்
2026.02.09 திங்கள்

மனே றிப்ஷான், உம்மாட ஸலாம். நான் கடிதம் எழுதி இருவது வருசத்துக்கு மேல. எழுத்துப் பிழையப் பாக்காத. ஹஸரத்துக்கும் என்ர ஸலாத்தச் சொல்லு. நீ வடிவாச் சாப்பிடு.

நான் சுகமா இரிக்கன். மயிர் வளந்திட்டு. முந்தி இருந்த நரை இல்ல. புருவமும் வந்திட்டு, இனி ராத்தா வரையத் தேவல்ல. ஆஸ்பத்திரியில கரண்டு வைக்கிற வைத்தியமும் முடிஞ்ச. அடுத்த செக்கப் ஏப்பிரல்ல. டொக்டர் ஒண்டும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல. இடியப்பம் திரும்ப அவிக்கன். கொஞ்சமாத்தான். இடக் கையத் தூக்க ஏலா, வலக் கையால பிழியிறன்.

ஒப்பரேசனுக்கு வந்து நீ இறைச்சியத் தள்ளினது எனக்கு விளங்கின.

இர்ஷாத்ட வீட்டார் என்ர வருத்தத்தக் கேள்விப்பட்டு போன வருசம் மாசி மாசமே கலியாணம் வேணாமெண்டு நிண்டுட்டாங்க. ராத்தா உனக்கு எழுதியிருக்க மாட்டாள். நீ கேட்டுக் கேட்டு எழுதியிருக்காய், அவள் ஒரு கடிதத்திலயும் பதில் சொல்லல்ல. இனிக் கேக்காத. வேற இடம் பாக்கன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் எண்டு யோசிப்பாய். ராத்தா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போன நேரம் அவள்ட பெட்டிய அடுக்கினன். உன்ர கடிதம் எல்லாத்தையும் வாசிச்சன். அவள் எழுதி அனுப்பாம வச்சிரிந்ததுகளையும் வாசிச்சன். நாப்பதும் கண்டன். அவளுக்குச் சொல்லாத.

நாப்பது குறைவு எண்டு ஏன் ரெண்டு பேரும் பயந்த? நாப்பது பேர் சேந்தாப் போதும், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை கூடும். நீ ஓதினதுதானே.

இண்டைக்கு நான் நோன்பு. இது பதினோராவது. கலண்டர்ல பதினொரு கட்டம் அடிச்சாச்சு. மிச்சம் பதினெட்டு. இன்னும் பத்து நாளில றமழான், அதுக்குள்ள முடிக்க ஏலா. கிதாபுல பாத்து என்னயப் பத்தி எழுதுற நேரம், வருத்தத்தால பிந்தின எண்டு எழுதாத மனே. சோம்பேறி, சும்மா இருந்து பிந்தவிட்டாள் எண்டு எழுது. அப்பதான் நோன்போட அரிசியும் கடமையாகி, ராத்தா அளந்த அரிசி சேரும். அவள் இன்னும் அந்தக் கொத்தக் கையால தொடுறல்ல. நான்தான் சோத்துக்கு அளக்கன்.

இந்த முறை உன்ன எந்த ஊருக்கு அனுப்புறாங்க எண்டு எழுது. ரெண்டாம் இரவு அந்த இடம் வந்தா நிக்காம ஓது.

மஃரிபுக்கு, நோன்பு திறக்க, நேரமாயிட்டு. ராத்தா ஈத்தம்பழம் எடுத்து வச்சிட்டு என்னயப் பாத்துக்கொண்டு இரிக்காள்.

உன்ர உம்மா,
சபூரா